வர்ற மாதிரிதான் இருக்கு

சென்னைக்கு இரண்டு வெப்பநிலை உண்டு. ஒன்று நுங்கம்பாக்கம், இன்னொன்று மீனம்பாக்கம். சாயங்காலச் செய்தியில் இரண்டையும் சொல்வார்கள். நுங்கம்பாக்கம் கடலுக்குக் கொஞ்சம் பக்கம், மீனம்பாக்கம் உள்ளே தள்ளி. அதனால் கோடையில் பெரும்பாலும் மீனம்பாக்கம்தான் ஒரு டிகிரி கூடக் காட்டும். இந்த இரண்டிலும் சேராத மூன்றாவது வெப்பநிலை ஒன்று எங்கள் தெருவுக்கென்று தனியாக இருக்கிறது. அதை அறிவிப்பவர் எங்கள் அடுக்குமாடியில் தரைத்தளத்தில் குடியிருக்கும் பெரியவர். மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் "இன்னைக்கு நேத்தைவிட ஜாஸ்தி சார்" என்பார். மே மாதம் முழுக்க ஒவ்வொரு நாளும் நேற்றைவிட ஜாஸ்திதான். கூட்டிப் பார்த்தால் மாதக் கடைசியில் நாங்கள் எல்லோரும் ஆவியாகியிருக்க வேண்டும்.

"ஆமா சார், தாங்கல" என்று சொல்லிவிட்டுத்தான் வண்டியை எடுப்பேன். வெப்பமானி வாங்கி வைத்து அவரை மறுக்கலாம். யாருக்கு என்ன லாபம்?

நம் ஊரில் வெயிலைப் பற்றிப் பேசுவதற்கென்று ஓர் அளவு முறையே இருக்கிறது. ஏசியை செல்சியஸில் 24 வைப்போம். வெயில் மட்டும் ஃபாரன்ஹீட்டில்தான் ஏறும், காய்ச்சலைப் போல. நூறைத் தொட்டால் "வெயில் சதம் அடித்தது" என்று பத்திரிகைகள் கிரிக்கெட் பாஷையில் எழுதும். அதாவது 37.8 டிகிரி செல்சியஸ். கரூர் பரமத்தி, வேலூர், திருத்தணி, ஈரோடு என்று சதம் அடித்த ஊர்களின் பட்டியல் வரும். மழை என்றால் சென்டிமீட்டர். ஏரி என்றால் அடி, அணை என்றால் டி.எம்.சி. பள்ளிக்கூடத்தில் இந்த அலகுகளைப் போட்டு எங்களைப் படுத்தியபோது மனசில் ஏறாதது, டீக்கடையில் நின்றபடியே ஏறிவிட்டது.

வேலூர்க்காரர்களிடம் சென்னை வெயிலைப் பற்றிப் புலம்பக் கூடாது. "இதெல்லாம் ஒரு வெயிலா? எங்க ஊருக்கு வந்து பாருங்க" என்பார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அதற்குச் சென்னைக்காரர்கள் வைத்திருக்கும் பதில் ஒன்றே ஒன்றுதான்: "வெயிலைக்கூடத் தாங்கிடலாம், இந்தப் புழுக்கம் இருக்கே…" இந்த வாக்கியத்தை முழுசாகச் சொல்லி முடித்த ஒருவரை நான் பார்த்ததில்லை. "இருக்கே" என்று இழுத்துவிட்டுக் கழுத்தைத் துடைத்துக்கொள்வார்கள்.

புழுக்கமும் கடலால்தான், நிவாரணமும் கடலால்தான். பகலில் நிலம் சீக்கிரம் சூடாகிறது, கடல் மெதுவாக. நிலத்தின் மேல் காற்று சூடேறி மேலே போக, அந்த இடத்துக்குக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று வருகிறது. நல்ல நாளில் மத்தியானத்துக்குள்ளேயே வந்துவிடும். மேற்கிலிருந்து தரைக்காற்று பலமாக வீசினால் கடற்காற்று கரை ஏற முடியாமல் நிற்கும். அந்த நாட்களில்தான் நாற்பதைத் தாண்டும். 2003 மே 31-ஆம் தேதி நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி போனது. இன்றைக்கும் அதுதான் அங்கே பதிவான உச்சம். அக்னி நட்சத்திரம் முடிந்துவிட்டது, இனி குறையும் என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்த நேரம் அது. பஞ்சாங்கத்தைச் சூரியன் படிப்பதில்லை போலிருக்கிறது.

எங்கள் தரைத்தளப் பெரியவருக்கு இந்தக் காற்றுக் கணக்கு அத்துப்படி. மூன்று மணிக்கு எதிர்வீட்டுத் தென்னை ஓலை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்துவிட்டு, "கெளம்பிருச்சு" என்பார். யார் கிளம்பினார் என்று புதிதாகக் குடிவந்தவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

வானிலையைப் பற்றிப் பேசுவது வெட்டிப் பேச்சு என்று சொல்கிறவர்கள் பெரும்பாலும் மாதச் சம்பளக்காரர்களாக இருப்பார்கள். என் அலுவலகத்தில் ஒருவர் உண்டு, "பேச வேற விஷயம் இல்லாதவன்தான் மழையைப் பத்திப் பேசுவான்" என்பார். அவருக்கு மழை பெய்தாலும் வெயில் அடித்தாலும் கடைசித் தேதியில் கணக்கில் பணம் ஏறிவிடும். எங்கள் தெருமுனையில் வேப்ப மரத்தடியில் வண்டி போட்டிருக்கும் இஸ்திரிக்காரருக்கு அப்படி இல்லை.

அவரிடம் பேசும்போதுதான் எனக்கு இது உறைத்தது. ஐப்பசி மாதம். மூன்று நாளாக விடாத தூறல். வண்டிக்கு மேல் நீலத் தார்ப்பாயை இழுத்துக் கட்டி, அதன் நடுவில் தேங்கிய தண்ணீரைக் குச்சியால் தள்ளிக்கொண்டிருந்தார். "என்ன அண்ணே, விடாது போலிருக்கே?" என்றேன். "பெய்யட்டும் சார், ஏரி ரொம்பணும்ல" என்றவர், கொஞ்சம் பொறுத்து, "துணிதான் யார் வீட்லயும் காய மாட்டேங்குது" என்றார். அவ்வளவுதான். துணி காயவில்லை என்றால் இஸ்திரிக்கு வராது. வந்தாலும் ஈரமாக வரும். ஈரத்துணிக்கு இரண்டு மடங்கு நேரம், இரண்டு மடங்கு கரி, அதே கூலி. "வியாபாரம் எப்படி?" என்று நான் நேரடியாகக் கேட்டிருந்தால் "ஏதோ ஓடுது சார்" என்று முடித்திருப்பார். மழையைக் கேட்டதால் வரவு செலவு முழுவதையும் சொல்லிவிட்டார். கடனா, கஷ்டமா என்று கேட்பது மரியாதையாக இருக்காது. மழை விடுமா என்று கேட்கலாம்.

அக்னி நட்சத்திரத்தில் அவர் நிலைமை இன்னும் மோசம். மேலே வெயில், கையில் கரிப்பெட்டி. அப்போது துணி மலைபோல் குவியும். ஆக, அவருக்கு நல்ல வானிலை என்று நாம் எதைச் சொல்வது?

அவர் வண்டியிலிருந்து இருபது அடி தள்ளி டீக்கடை. அங்கே மழை என்றால் கொண்டாட்டம். பஜ்ஜி போட்டு மாளாது. காலையில் தலையில் கூடையோடு வரும் கீரைக்காரம்மாவுக்கு அதே மழை அழுகல். "என்னம்மா, அரைக்கீரை கட்டு இத்துனூண்டு இருக்கு?" என்று என் மனைவி கேட்டால், "மழைத்தண்ணி நின்னு வேர் அழுகிப்போச்சு கண்ணு. இது கெடச்சதே பெரிசு" என்பார். விலை ஏறிப்போனதைச் சொல்லும் முறை இது. பேரம் அதோடு நின்றுவிடும். வானத்தோடு யார் பேரம் பேசுவது?

ஒரே தெரு, ஒரே மழை. பேசுகிறவர் யார் என்பதைப் பொறுத்து "நல்ல மழை" என்பதற்கு அர்த்தம் மாறிவிடுகிறது. அதனால்தான் வானிலைப் பேச்சில் யாரும் அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்வதில்லை என்று நினைக்கிறேன். "மழை வருமா?" என்று கேட்டால் வரும், வராது என்று நம் ஆட்கள் சொல்ல மாட்டார்கள். வானத்தைப் பார்த்து, கண்ணைச் சுருக்கி, "வர்ற மாதிரிதான் இருக்கு" என்பார்கள். எதிராளிக்கு எது வேண்டுமோ அதை எடுத்துக்கொள்ளலாம்.

வானிலை ஆய்வு மையமும் இந்த நாகரிகத்தை நன்றாகவே கடைப்பிடிக்கிறது. "வானம் ஓரளவு மேகமூட்டத்துடன் காணப்படும். நகரின் ஓரிரு பகுதிகளில் இடி மின்னலுடன் கூடிய லேசானது முதல் மிதமான மழை பெய்யக்கூடும்." இதை மனப்பாடமாகச் சொல்லாத சென்னைக் குழந்தை கிடையாது. இந்த "ஓரிரு பகுதிகளில்" நாம் இருக்கிறோமா இல்லையா என்பதுதான் எங்கள் மாடியில் துணி காயப்போடுகிறவர்களின் ஒரே கேள்வி. ஆவடியில் அடித்துப் பெய்யும், அண்ணா நகரில் தூசி பறக்கும். ஜூலை, ஆகஸ்ட் மாலைகளில் வெப்பச்சலனத்தால் வரும் மழை அப்படித்தான். ஒரு மேகக்கூட்டம் எங்கே திரண்டதோ அங்கே கொட்டிவிட்டுப் போய்விடும்.

நுங்கம்பாக்கத்தில் வானத்தைப் பார்த்துக் குறித்து வைக்கும் வேலை 1792-இல் கிழக்கிந்தியக் கம்பெனி கட்டிய வானாய்வுக் கூடத்தோடு தொடங்கியது. அந்தக் காலத்துக் கருங்கல் தூண் இன்னமும் வளாகத்துக்குள் நிற்கிறது. ஆனால் எங்கள் தலைமுறைக்கு வானிலை என்றால் ஒரு முகம்தான்: எஸ்.ஆர். ரமணன். புயல் எச்சரிக்கை மையத்தின் இயக்குநராக இருந்து 2016-இல் ஓய்வு பெற்றார். டிவியில் அவர் வந்தால் வீட்டில் பெரியவர்கள் அரிசி, மெழுகுவர்த்தி இருக்கிறதா என்று பார்ப்பார்கள், பிள்ளைகள் புத்தகப் பையை மூலையில் வைப்பார்கள். விடுமுறை விடுவது கலெக்டர், புகழ் என்னவோ ரமணனுக்கு. "தென்மேற்கு வங்கக் கடலில் நிலைகொண்டுள்ள காற்றழுத்தத் தாழ்வு மண்டலம்" என்று அவர் நிதானமாகத் தொடங்கும்போது இருந்த அமைதி இப்போது வரும் அலறல் செய்திகளில் இல்லை. புயலையும் ஒரு குடும்ப வைத்தியர் தொனியில் சொல்லலாம் என்று காட்டியவர் அவர்.

இப்போது எல்லோரும் ரமணன்தான். எங்கள் மூன்றாவது மாடியில் கல்லூரிக்குப் போகும் தம்பி ஒருவன், மழை என்றாலே போனை நீட்டுவான். "அண்ணா, ரேடார் பாருங்க. ஸ்ரீபெரும்புதூர்கிட்ட செவப்பா இருக்கு. அரை மணி நேரத்துல நம்ம மேல." பல தடவை சரியாகவே சொல்லியிருக்கிறான். தரைத்தளப் பெரியவர் அந்தப் படத்தைப் பார்க்கவே மாட்டார். ஈசல் பறக்கிறதா, தும்பி தாழப் பறக்கிறதா என்பதுதான் அவர் கணக்கு. இரண்டு பேரும் ஒரே முடிவுக்கு வரும் நாளில் மட்டும் நான் குடை எடுத்துக்கொள்வேன்.

சென்னையின் வானிலைப் பேச்சை மாற்றிப்போட்டது 2015. அதற்கு முன்னால் செம்பரம்பாக்கம் ஏரி என்றால் குடிக்கிற தண்ணீர், அவ்வளவே. அந்த டிசம்பர் 1-ஆம் தேதி தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் பெய்தது. நவம்பர் முழுக்கப் பெய்த மழையில் ஏரிகள் ஏற்கெனவே தளும்பிக்கொண்டிருந்தன. செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிட்டார்கள். அடையாற்று வெள்ளம் சைதாப்பேட்டையிலும் கோட்டூர்புரத்திலும் ஜாபர்கான்பேட்டையிலும் வீடுகளுக்குள் ஏறியது. அந்த இரவுக்குப் பிறகு "கன அடி" என்பது பொறியாளர் சொல்லாக இல்லை. காய்கறி வாங்கும்போது பேசும் சொல்லாகிவிட்டது. ஏரியின் முழு ஆழம் 24 அடி என்பது இன்றைக்கு ஆட்டோ ஓட்டுபவருக்கும் தெரியும். "இருபத்திரண்டு தாண்டிருச்சாம் சார்" என்று அவர் சொன்னால் பின்சீட்டில் இருப்பவர் வீட்டுக்குப் போன் போடுவார்.

நாலு வருஷம் கூட ஆகவில்லை. 2019 ஜூனில் அதே ஏரி வெடித்துக் கிடந்தது. பூண்டி, சோழவரம், புழல் எல்லாமே அப்படித்தான். அந்தக் கோடையில் "சாப்பிட்டாச்சா?" போய் "தண்ணி வந்துச்சா?" வந்தது. லிஃப்டில், கோயில் வரிசையில், பல் டாக்டர் வீட்டில், எங்கே போனாலும் அதுதான். லாரி புக் பண்ணி எத்தனை நாள் ஆச்சு, உங்க போர் எத்தனை அடி, எங்களுதுல வெறும் காத்துதான் வருது. பேரன் பிறந்த சேதியைச் சொல்ல வந்த ஒருவரிடம் எங்கள் பெரியவர் முதலில் கேட்டது, "ஆஸ்பத்திரில தண்ணி இருக்கா?" ஜூன் 20-ஆம் தேதி சாயங்காலம் மழை வந்தபோது அலுவலகங்களிலிருந்து ஆட்கள் இறங்கிவந்து நனைந்தார்கள். அதற்கடுத்த மாதம் ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு 25 லட்சம் லிட்டர் தண்ணீரோடு ரயில் வந்தது. தண்ணீரை டிவியில் நேரலையாகப் பார்த்த ஊர் எங்களுடையது.

ஒரே ஏரியின் பெயரை ஒரு வருஷம் பயத்தோடும் இன்னொரு வருஷம் ஏக்கத்தோடும் சொல்லிப் பழகியவர்கள் நாங்கள். அதனால் இங்கே அக்டோபர் பேச்சில் இரண்டும் கலந்தே இருக்கும். "நல்லா பெய்யணும். ஆனா ஒரேயடியா பெய்யக் கூடாது." 2024 அக்டோபரில் ரெட் அலர்ட் என்று சொன்னதும் வேளச்சேரிக்காரர்கள் கார்களைக் கொண்டுபோய் மேம்பாலத்தின் மேல் வரிசையாக நிறுத்தினார்கள். அந்தத் தடவை பயந்த அளவுக்குப் பெய்யவில்லை. சிரித்தவர்கள் சிரித்தார்கள். இன்ஜினுக்குள் தண்ணீர் போய், இன்ஷூரன்ஸுக்கு அலைந்து பார்த்தவர்கள் சிரிக்கவில்லை.

என் சொந்த ஊர் மன்னார்குடி பக்கம். அப்பாவோடு போனில் பேசினால் முதல் வார்த்தை, "அங்க மழையா?" கடைசி வார்த்தை, "சரி, வெயில்ல அலையாத." நடுவில் மேட்டூர். அவருக்கு மேட்டூர் அணை ஒரு வங்கிக் கணக்கு. முழு நீர்மட்டம் 120 அடி. ஜூன் 12-இல் திறந்தால் குறுவை நெல் சாகுபடி உண்டு. திறக்காவிட்டால் வீட்டில் அந்த வருஷம் புதுச் செலவு எதுவும் கிடையாது. 2022-இல் மே 24-ஆம் தேதியே திறந்தார்கள், அந்த வாரம் அவர் குரலே வேறு மாதிரி இருந்தது. 2024-இல் ஜூலை 28 வரை தள்ளிப்போனது. "எவ்வளவு இருக்கு அப்பா?" என்று கேட்டால் "நாப்பது அடிதான் இருக்கு" என்பார். பணம் வேண்டும் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அடியைச் சொன்னால் நான் புரிந்துகொள்ள வேண்டும்.

மழையை அவர் அளப்பதும் சென்டிமீட்டரில் இல்லை. "ஓர் உழவு மழை பேஞ்சிருக்கு" என்பார். ஏர் பிடிக்கிற அளவுக்கு மண் நனைந்திருக்கிறது என்று அர்த்தம். செய்தியில் சொல்லும் நான்கு சென்டிமீட்டரைவிட எனக்கு அதுதான் தெளிவாக விளங்கும். கார்த்திகையில் பெய்தால் "கர்ணனுக்கு மிஞ்சின கொடையும் இல்ல, கார்த்திகைக்கு மிஞ்சின மழையும் இல்ல" என்று பழமொழி வரும். தை பிறந்தால் நேர்மாறு. கதிர் முற்றி நிற்கும்போது ஒரு தூறலைக்கூட அவரால் பொறுக்க முடியாது. நான் சென்னையிலிருந்து "இங்க நல்லா குளுகுளுன்னு இருக்கு, லேசா தூறுது" என்று சொன்னால், மறுமுனையில் பதிலே வராது. தெற்கே நகருமா என்று யோசித்துக்கொண்டிருப்பார்.

கஜா புயல் 2018 நவம்பர் 16-ஆம் தேதி அதிகாலை வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது. ஊரில் கரண்டும் இல்லை, போனும் இல்லை. சில நாள் கழித்து, அப்பா பக்கத்து ஊருக்கு நடந்து போய் யாரோ ஒருவரின் போனிலிருந்து கூப்பிட்டார். "மழை விட்டுருச்சு. அங்க எப்படி?" என்றார். இங்கே வெயில் அடித்துக்கொண்டிருந்தது. சொன்னேன். "அப்ப துணியெல்லாம் காயும்" என்றார். அதற்குப் பிறகுதான், வீட்டு ஓடுகள் போனதும் தென்னை மொத்தமும் சாய்ந்ததும் பேச்சில் வந்தது. முப்பது வருஷ மரங்கள். நடுவது, காய்ப்பது, தேங்காய் விலை என்று எதுவும் அவர் பேசவில்லை. இரண்டு நிமிஷமும் வானத்தைப் பற்றித்தான் பேசினோம். எனக்கும் வேறு எதைக் கேட்பதென்று தெரியவில்லை, அவருக்கும் வேறு எதைச் சொல்வதென்று தெரியவில்லை. பேசாமலும் வைக்க முடியவில்லை.

எங்கள் அடுக்குமாடிக் காவலாளி பீகார்க்காரர். வந்த புதிதில் அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு இந்தி தெரியாது. இரவில் வண்டியை நிறுத்தும்போது மேலே கையைக் காட்டி "கர்மி" (வெக்கை) என்பார், நான் "ரொம்ப" என்பேன். அது எங்கள் வணக்கம். இப்போது நன்றாகப் பேசுகிறார். ஊரில் ஆற்று வெள்ளம் என்றால் அவர் கேட்டைத் திறக்கிற விதத்திலேயே தெரியும். "அங்க மழையா?" என்று கேட்டால் கொஞ்ச நேரம் நின்று பேசுவார்.

கரண்ட் போனால் எங்கள் கட்டடத்தில் முதல் கேள்வி "எதிர்வீட்ல இருக்கா?" என்பதுதான். அங்கேயும் இல்லை என்றால் ஒரு நிம்மதி. பால்கனிக்குப் பால்கனி பேச்சு தொடங்கிவிடும். பெயர் தெரியாதவர்கள்கூட அப்போது பேசுவார்கள். கரண்ட் வந்ததும் அவரவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள். இன்வெர்ட்டர் வந்த பிறகு இதுவும் குறைந்துவிட்டது. எனக்கு அதில் வருத்தம் உண்டு, ஆனால் இன்வெர்ட்டரைக் கழற்றிவைக்கிற அளவுக்கு இல்லை.

இந்தப் பேச்சை ஒரேயடியாகப் படுக்க வைக்கும் வகை ஆள் ஒருவர் எல்லாக் கட்டடத்திலும் இருக்கிறார். எங்கள் ஐந்தாவது மாடிக்காரர் அப்படி. போன வாரம் லிஃப்டில் நாலு பேர் இருந்தோம். நான் வழக்கம்போல், "என்ன சார், ஐப்பசி பொறந்தும் இப்படிக் காயுது?" என்றேன். "எல்லாம் குளோபல் வார்மிங். பூமியே போகப்போகுது, இதுல ஐப்பசி என்ன, கார்த்திகை என்ன?" என்றார். அவர் சொல்வது தப்பு என்று சொல்ல மாட்டேன், கடல் சூடாகிறது, மழை ஒரேயடியாகக் கொட்டுகிறது, எல்லாம் சரி. ஆனால் லிஃப்ட் இரண்டாவது மாடியைத்தான் தாண்டியிருந்தது. பூமி போகப்போகிறது என்று ஒருவர் சொன்ன பிறகு, மீதி மூன்று மாடிக்கு என்ன பேசுவது? எல்லோரும் எண் மாறுவதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அவர் இறங்கி, கதவு மூடியதும் ஆறாவது மாடி அக்கா என் பக்கம் திரும்பினார். "மேல துணி போட்டிருக்கேன் தம்பி. எடுத்துரலாமா?"

"எடுத்துருங்கக்கா. வர்ற மாதிரிதான் இருக்கு" என்றேன்.